கட்டளையும் காலமும்: அம்பத்தூர், ஆவடிப் பகுதி அறநிறுவனங்களில் நிறுவனர் விழுமியத்தின் தொடர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

ஓர் அறக்கட்டளையை நிறுவியவரின் விழுமியங்கள், அவர் மறைந்த பின்னரும் அதன் பணிகளை எவ்வாறு வழிநடத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடிப் பகுதியில் ஏ.எம்.எம். அறக்கட்டளை நடத்திவரும் மருத்துவமனையும் கல்வி நிறுவனங்களும் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. பச்சையப்பன் அறக்கட்டளையும் பட்டாபிராம் இந்துக் கல்லூரியும் ஒப்பீட்டுக்குத் துணையாகின்றன. ‘கட்டளை’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குரிய ஆணை, அச்சு, உரைகல் ஆகிய மூன்று பொருள்களைக் கொண்டு இத்தொடர்ச்சி விளக்கப்படுகிறது. நிறுவனரின் சொல் வழியாக மட்டும் நிலைத்த விழுமியத்தைக் காட்டிலும், நடைமுறையாக மாறிய விழுமியமே நெடிது நிற்கிறது என்பதும், அந்நடைமுறையும் பயன்பெறும் ஊராரின் உரைகல்லில் உரசிப் பார்க்கப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: அறக்கட்டளை, மகமை, ஒப்புரவு, நிறுவனர் விழுமியம், அம்பத்தூர், ஆவடி, சமூகப் பொறுப்பு நிதி.

1. முன்னுரை

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் நோக்கிச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டி அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி ஆகிய நிலையங்களைக் கடந்து ‘இந்துக் கல்லூரி’ என்னும் நிலையத்தில் நிற்கிறது. அதற்கு அடுத்தது பட்டாபிராம். ஒரு கல்லூரியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோருள், அக்கல்லூரியின் முழுப்பெயரில் தர்மமூர்த்தி ராவ் பகதூர் கலவல கண்ணன் செட்டி என்னும் வணிகரின் பெயர் அடங்கியிருப்பதை அறிந்தவர் எத்தனை பேர் என்பது ஐயத்திற்குரியது. அவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் சென்னையில் வாழ்ந்த கொடையாளர். அவர் பெயரிலான அறநிறுவனம் பட்டாபிராமில் கல்லூரியைத் தொடங்கியதோ 1969ஆம் ஆண்டில். தாம் காணாத ஊரில், தாம் காணாத தலைமுறைக்கு, தம் பெயரில் ஒரு கல்லூரி எழும் என்பதை அவர் எண்ணியிருக்க இயலாது.

இது ஒரு பொதுவான வினாவை எழுப்புகிறது. செல்வத்தைச் சேர்த்தவர் மறைகிறார், செல்வம் நிற்கிறது, அதைச் செலவிடுவோர் மாறுகின்றனர், பயன்பெறும் ஊரும் மாறுகிறது. இத்தனை மாற்றங்களுக்கு இடையே நிறுவனரின் விழுமியம் எங்கே தங்குகிறது? எழுதிவைத்த ஆவணத்திலா, குடும்பத்தின் நினைவிலா, அன்றாட நடைமுறையிலா? இவ்வினாவுக்கு மேற்குப் புறநகரின் அறநிறுவனங்களைக் கொண்டு விடைகாண இக்கட்டுரை முயல்கிறது.

2. ‘கட்டளை’ என்னும் சொல்

அறக்கட்டளை என்பது இன்று பொதுநல நிதியத்தைக் குறிக்கும் பொதுச்சொல். இதன் பின்னுறுப்பாகிய ‘கட்டளை’ பல பொருள்களை உடையது. முதலாவது, ஆணை. கோயில் வழக்கில் ஒருவர் நிலமோ பொன்னோ அளித்து, இன்ன பூசை, இன்ன நாளில், இன்ன அளவில் நிகழ வேண்டும் என ஏற்படுத்தும் ஏற்பாடு ‘கட்டளை’ எனப்படுகிறது. கொடையும் ஆணையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. இரண்டாவது, அச்சு. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப உருவாக்க உதவும் கருவி அது. எழுத்தெண்ணிப் பாடப்படும் கட்டளைக் கலித்துறை என்னும் பாவின் பெயரிலும் இந்த வரையறைப் பொருளே நிற்கிறது. மூன்றாவது, உரைகல். பொன்னின் மாற்றை அறிய உதவுவது கட்டளைக்கல்.

நிறுவனரின் விழுமியமும் இம்மூன்று நிலைகளிலும் செயற்படக்கூடும். ஆணையாக நிற்கும்போது, சொன்னது சொன்னபடி நடக்கிறது. அச்சாக நிற்கும்போது, புதிய இடத்தில் பழைய வடிவம் மீண்டும் எழுகிறது. உரைகல்லாக நிற்கும்போது, நிறுவனர் அறியாத புதிய பணியொன்று அவருடைய நோக்கத்தோடு உரசிப் பார்க்கப்படுகிறது. பின்வரும் பகுதிகள் இம்முறையே அமைகின்றன.

3. ஆணையாக நின்ற விழுமியம்: பச்சையப்பர் வழக்கு

ஆவடிக்கு வடக்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த பெரியபாளையத்தில் 1754இல் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். துபாசியாகப் பணியாற்றிப் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், 1794ஆம் ஆண்டு மார்ச் மாதம், தம் மறைவுக்குச் சில நாள் முன்னர் உயில் எழுதினார். கோயில் வழிபாடும் அன்னதானமும் உள்ளிட்ட சமய அறங்களே அவ்வுயிலின் நோக்கம். அதில் ஆங்கிலக் கல்வி இடம்பெறவில்லை.

அவருக்குப் பின் சொத்து முறையாகப் பேணப்படவில்லை; வழக்கு சென்னை உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. உயிலில் குறித்த சமய அறங்களுக்குரிய தொகையைத் தனியே ஒதுக்கியபின், ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த உபரித் தொகையைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றத் திட்டம் வழிசெய்தது. அக்காலத்து அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் இதில் பெரும்பங்கு ஆற்றினார். 1842இல் பள்ளி தொடங்கியது. 1850இல் பச்சையப்பன் மண்டபம் திறக்கப்பட்டது. 1889இல் அது முதல்நிலைக் கல்லூரியானது. 1940இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்தது.

இங்கு நிகழ்ந்தது யாது? நிறுவனரின் நோக்கத்தை அப்படியே நிறைவேற்ற இயலாதபோதோ, நிதி மிஞ்சும்போதோ, அந்நோக்கத்துக்கு இயன்றவரை அண்மையான வேறொரு நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பது அறக்கட்டளைச் சட்டத்தின் பழைய கோட்பாடு. ‘அண்மையானது’ எது என்பதை நிறுவனர் சொல்வதில்லை, பொருள்கொள்வோர் சொல்கின்றனர். சோறிடுதலும் கல்வி கொடுத்தலும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள் என்று 19ஆம் நூற்றாண்டுச் சென்னை முடிவுசெய்தது. அம்முடிவினால் பயன்பெற்ற தலைமுறைகள் பல.

ஆயினும், ஆணையின் எல்லையும் அதனோடு தொடர்ந்தது. சமய அறத்துக்கென விடப்பட்ட செல்வம் என்னும் காரணத்தால், 1947 வரை அக்கல்லூரியில் இந்து மாணவர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். நிறுவனரின் நோக்கம் விரித்துப் பொருள்கொள்ளப்பட்ட அதே நிறுவனத்தில், அதே நோக்கம் வேலியாகவும் நின்றது. விழுமியத் தொடர்ச்சி எப்போதும் நன்மையின் தொடர்ச்சியே எனக் கருதுவது பிழை என்பதை இச்சான்று உணர்த்துகிறது.

4. அச்சாக மாறிய விழுமியம்: பள்ளத்தூரிலிருந்து அம்பத்தூர் வரை

4.1 மகமை

திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் (1884–1949) செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்தவர். 1900ஆம் ஆண்டு பர்மாவில் தொடங்கிய கொடுக்கல் வாங்கல் தொழிலே முருகப்பா குழுமத்தின் வேர். நகரத்தார் வணிக மரபில் ‘மகமை’ என்னும் வழக்கம் உண்டு. வணிக வரவில் ஒரு சிறு பகுதியை அறத்துக்கென ஒதுக்கிக் கணக்கேட்டில் தனியே எழுதி வைப்பது அது. மனம் இரங்கும்போது கொடுப்பது கொடை. இரங்கினாலும் இரங்காவிட்டாலும் கணக்கில் ஏறுவது மகமை. இவ்வேறுபாடு முக்கியமானது. கொடையாளரின் மனநிலையைச் சார்ந்திராமல் அறம் ஒரு கணக்கு முறையாக மாறும்போதுதான், அது அடுத்த தலைமுறைக்குக் கைமாறத்தக்கதாகிறது.

நகரத்தாரின் பழைய மகமை பெரும்பாலும் கோயில் திருப்பணிக்கும் சத்திரங்களுக்கும் சென்றது. காசியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் நிறுவிய சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோயிலுக்கு நாள்தோறும் வழிபாட்டுப் பொருள்கள் எடுத்துச் செல்லப்படுவது இன்றும் தொடர்கிறது. ஆணை என்னும் பொருளிலான கட்டளைக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு: ஒரே செயல், ஒரே முறை. முருகப்ப செட்டியார் 1924இல் பள்ளத்தூரில் மருத்துவமனை ஒன்றை ஏற்படுத்தினார். பிறந்த ஊருக்குச் செய்யும் கடமை என்னும் பழைய விழுமியம் அதில் இருந்தது. மருத்துவம் என்னும் பொருள் புதிது.

4.2 தொழில் நின்ற இடத்தில் அறம்

இரண்டாம் உலகப் போரில் பர்மாவை ஜப்பானியர் கைப்பற்றுவதற்கு முன்பே குடும்பம் தன் முதலீட்டின் பெரும்பகுதியை இந்தியாவுக்கு மாற்றியிருந்தது. அவர் மறைந்த 1949ஆம் ஆண்டில், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 1954இல் திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல், 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் என ஆலைகள் தொடர்ந்தன. வட்டித் தொழிலில் ஊர் என்பது கடன் கொடுக்கும் இடம். ஆலைத் தொழிலில் ஊர் என்பது தொழிலாளர் குடியேறி வாழும் இடம். குடும்பத்தின் அறக்கடமைக்குரிய ‘ஊர்’ எது என்னும் வினா இந்நிலையில் எழுவது இயல்பு.

மைந்தர்கள் 1953இல் அறக்கட்டளையை முறைப்படி நிறுவினர். நிறுவனர் என நாம் வழங்கும் சொல்லில் உள்ள இரட்டைப் பொருள் இங்கு கவனிக்கத்தக்கது. விழுமியத்தைத் தந்தவர் தந்தை. அதற்கு நிறுவன வடிவம் தந்தவர்கள் மைந்தர்கள். அதன் பின்னர் எழுந்த நிறுவனங்களின் இடங்களை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. குழாய் ஆலை தொடங்கிய ஆவடியில் 1957இல் முருகப்பா பாலிடெக்னிக். மிதிவண்டி ஆலை நின்ற அம்பத்தூரில் 1966இல் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனையும், சர் ராமசாமி முதலியார் மேல்நிலைப் பள்ளி உள்ளிட்ட பள்ளிகளும். திருவொற்றியூரில் வெள்ளையன் செட்டியார் மேல்நிலைப் பள்ளி. ஆலை எங்கே, அங்கே ஒரு பள்ளியோ மருத்துவமனையோ என்னும் வடிவம் திரும்பத் திரும்ப அமைகிறது. பள்ளத்தூரில் வார்த்த அச்சு, அம்பத்தூர் மண்ணில் மீண்டும் பதிந்தது எனலாம்.

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வைத்துள்ளது. ஈகை, இல்லாதவர் ஒருவருக்கு உள்ளவர் கொடுப்பது. ஒப்புரவறிதலில் வரும் உவமைகளோ ஊருணி நீரும் ஊர் நடுவே பழுத்த மரமும் மருந்தாகும் மரமும் ஆகும். ஒப்புரவு இடம் சார்ந்தது; வருபவர் எவராயினும் பயன்கொள்ளத் தடையற்றது. ஆலைத் தொழிலாளர்க்கு மட்டுமாக அமையாமல், அக்கம்பக்கத்து மக்கள் அனைவர்க்கும் திறந்த பொது மருத்துவமனையாக அம்பத்தூர் மருத்துவமனை இயங்குவது, அதனை ஈகையின் பாற்படுத்தாமல் ஒப்புரவின் பாற்படுத்தக் காரணமாகிறது.

4.3 பெயரிடுதல்

பெயர்களும் விழுமியச் சான்றுகளே. பள்ளத்தூரில் குடும்பத்தின் பெயர் நிற்கிறது. அம்பத்தூர் மருத்துவமனையோ பிரிட்டிஷ் கூட்டு நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்டெட்ஃபோர்டின் பெயரைத் தாங்குகிறது. அவ்வூர்ப் பள்ளி, ஆட்சியாளரும் தொழில்துறைப் பெரியவருமான ஆற்காடு ராமசாமி முதலியாரின் பெயரைத் தாங்குகிறது. சொந்த ஊரில் குலப்பெயர், தொழில் ஊரில் நட்புப்பெயர் என்னும் இவ்வேறுபாடு, உறவு வழிப்பட்ட அறம் தொழிற்கூட்டு வழிப்பட்ட அறமாக விரிந்ததைக் காட்டுகிறது.

5. உரைகல்லாக நிற்கும் விழுமியம்

அச்சு பழைய வடிவத்தையே தரும்; நிறுவனர் காணாத தேவைக்கு அது போதாது. மூத்த மகன் ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார் 1965இல் மறைந்தார். அவர் பெயரில் 1977இல் தரமணியில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய வேதிப் பொறியியல் அறிஞர் சி.வி. சேஷாத்ரி அதனை வழிநடத்தினார். சுருள்பாசி வளர்ப்பு, மாற்று எரிசக்தி முதலிய துறைகளில் ஊரக மக்களின் கைக்கு எட்டும் தொழில்நுட்பங்களை அம்மையம் ஆராய்ந்தது. தரமணி குழுமத்தின் ஆலை நின்ற ஊரன்று. ஆய்வு, மருத்துவமனையைப் போல் உடனடிப் பயன் தருவதுமன்று. இதனை அறப்பணியாக ஏற்கக் குடும்பத்துக்கு அச்சு உதவியிராது. ‘இது யாருக்குப் பயன்படும்?’ என்று உரசிப் பார்க்கும் உரைகல் ஒன்றே உதவியிருக்கும். வடிவம் மாறியும் நோக்கம் மாறாத நிலை இது.

6. சட்டம் வகுத்த புதிய கட்டளை

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இது 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்கமாக இருந்த மகமை, ஒருவகையில், நாடு முழுமைக்குமான சட்டமாகிவிட்டது எனலாம்.

இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிப்பது. நிறுவனம் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்கிறது சட்டம்; 1957இல் ஆவடியும் 1966இல் அம்பத்தூரும் கண்ட நடைமுறை அதுவே. தன் ஊழியர்க்கு மட்டும் பயன்தரும் செலவு சமூகப் பொறுப்புக் கணக்கில் சேராது என்கின்றன விதிகள். பொது மருத்துவமனையின் அடிப்படையும் அதுவே.

வேறுபாடு காலத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பல்லாண்டுத் திட்டமாயினும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுகளைக் கடக்கலாகாது. நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது. பொறுப்புணர்வை வளர்க்கும் இவ்விதிகளே, நெடுங்காலப் பணியைக் குறுகிய திட்டங்களாக வெட்டிக் காணும் பழக்கத்தையும் வளர்க்கக்கூடும். ஒரு மருத்துவமனைக்கு முடிவுநாள் இல்லை. ஓர் ஆசிரியர் முப்பதாண்டுகள் ஒரே பள்ளியில் கற்பிப்பதன் பயனை மூன்றாண்டு அறிக்கையில் அளந்து காட்ட முடியாது. ‘சந்திரர் சூரியர் உள்ளவரை’ என்னும் கருத்தமையக் கல்லில் வெட்டப்பட்ட பழைய அறங்களின் கால உணர்வுக்கும், நிதியாண்டின் கால உணர்வுக்கும் இடையே இன்றைய அறக்கட்டளைகள் நிற்கின்றன. சட்டத்தின் 2 விழுக்காடு நிதியைத் தரும். நீண்டகாலப் பொறுமையை நிறுவனரின் விழுமியந்தான் தர வேண்டும்.

7. மாறிய ஊர்

அச்சைப் பதிக்க மண் வேண்டும். அம்பத்தூரின் மண்ணோ மாறிவிட்டது. 1964இல் தொழிற்பேட்டையாகப் புகழ்பெற்ற ஊர், இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்களையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் கொண்டது. 2011இல் அது சென்னை மாநகராட்சியில் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. ஆலைச் சங்கொலியைக் கேட்டு மிதிவண்டியில் பணிக்குச் சென்ற தலைமுறையின் இடத்தில், ஒப்பந்தப் பணியாளர்களும் வடமாநிலங்களிலிருந்து புலம்பெயர்ந்த தொழிலாளர்களும் வாழ்கின்றனர். ‘தொழில் நின்ற இடத்தில் அறம்’ என்னும் விழுமியம் ஒரு நிலைத்த தொழிலாளர் ஊரை முன்னிட்டுப் பிறந்தது. ஓராண்டு இங்கும் மறு ஆண்டு வேறிடத்திலுமாக வாழும் தொழிலாளிக்கு ‘ஊர்’ எது? அவர் குழந்தை படிக்கும் மொழி எது? இவ்வினாக்களுக்கு 1924ஆம் ஆண்டின் பள்ளத்தூரிலோ 1966ஆம் ஆண்டின் அம்பத்தூரிலோ ஆயத்த விடை இல்லை. ஒப்புரவின் உவமைகளுக்கே திரும்ப வேண்டியுள்ளது. ஊருணி, நீர் மொள்ள வருபவர் எந்த ஊரார் என்று கேட்பதில்லை.

இங்கு ஒரு குறைபாட்டையும் சுட்ட வேண்டும். பச்சையப்பர் வழக்கில் நிறுவனரின் நோக்கத்துக்குப் பொருள்கொண்டது நீதிமன்றம்; ஆதலால் அந்த விவாதம் பொதுவில் நிகழ்ந்தது. குடும்ப அறக்கட்டளைகளில் பொருள்கொள்ளும் உரிமை பெரும்பாலும் அறங்காவலரிடமே தங்குகிறது. விழுமியத் தொடர்ச்சிக்கு இது வலிமை. கொடையாளரின் வழிவந்தோர் அருகிருந்து பேணுகின்றனர். அதுவே வரம்புமாகிறது. மருத்துவமனையின் வாயிலில் காத்திருப்பவர், பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர், பாலிடெக்னிக்கில் பயின்று வெளியேறியவர் ஆகியோர் நிறுவனரின் நோக்கம் நிறைவேறுகிறதா என்பதை நன்கறிந்த சாட்சிகள். அவர்கள் சான்று பதிவாக வழியில்லையெனின், உரைகல் இருந்தும் உரசுவோர் இல்லை என்றாகிவிடும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஆணையாக மட்டும் எழுதப்பட்ட விழுமியம் காலத்தைக் கடக்கப் பொருள்கொள்வோரைச் சார்ந்து நிற்கிறது. பச்சையப்பரின் உயில் கல்லூரியானது அவ்வாறே. இரண்டாவதாக, மகமைபோல் நடைமுறையாகவும், ‘ஆலை நின்ற ஊரில் அறம்’ என்பதுபோல் வடிவமாகவும் மாறிய விழுமியம், நிறுவனரின் சொல்லைத் தேடாமலே தலைமுறைகளைக் கடக்கிறது. 1949இல் மறைந்தவரின் எண்ணம் 1957இல் ஆவடியிலும் 1966இல் அம்பத்தூரிலும் கட்டடமானது இதனாலேயே. மூன்றாவதாக, ஊர் மாறும்போது அச்சும் போதாமற்போகிறது. அப்போது நிறுவனரின் நோக்கத்தை உரைகல்லாகக் கொண்டு பணிகளை மீளாய்வு செய்வது தேவையாகிறது.

இதற்கு இரு வழிகளை இக்கட்டுரை முன்வைக்கிறது. அறக்கட்டளைகள் தம் மூல ஆவணங்களையும், பணி மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் அம்மாற்றத்துக்குரிய காரணத்தையும், ஊரார் படித்தறியத்தக்க எளிய தமிழில் வெளியிடலாம். தமிழ்த்துறை மாணவர்கள், இந்நிறுவனங்களில் பயின்றோரிடமும் பணியாற்றியோரிடமும் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டலாம். மேற்குப் புறநகரின் ஆலைகளைப் பற்றிய பதிவுகள் கணக்கேடுகளில் உள்ளன. அவ்வாலைகளின் நிழலில் எழுந்த பள்ளிகளும் மருத்துவமனையும் மக்கள் வாழ்வில் ஏற்படுத்திய மாற்றமோ அம்மக்களின் நினைவில் மட்டுமே உள்ளது. முதல் தலைமுறைத் தொழிலாளர் முதுமையடைந்துவிட்ட இன்றைய சூழலில் இப்பணி தாழ்த்தத்தக்கதன்று.